மணல் இல்லாத சாண்ட் பிளாஸ்டிங்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுத்தது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுல பழைய பத்மினியோட வயரிங் பத்திப் பேசினேன். அதைக் கேட்டுட்டு மெசேஜ் பண்ணவங்கள்ல பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீங்க: "துருவை என்ன பண்ணீங்க?" இன்னிக்கு அதைப் பேசிடலாம். கொஞ்சம் வேற இடத்துக்கெல்லாம் போயிட்டு வரும், பொறுத்துக்கோங்க.

புதுசாக் கேட்கிறவங்களுக்காக ஒரு வரி. வண்டி என் மாமாவோடது, பிரீமியர் பத்மினி, 1988 மாடல். திருவொற்றியூர்ல ஒரு வீட்டுக்குப் பின்னாடி எட்டு வருஷம் நின்னுது. கடல் ரொம்பப் பக்கம். மேல தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாங்க. மழை உள்ளே போகாதுன்னு நினைச்சுப் போட்டது. ஆனா உப்புக்காத்துல வந்த ஈரம் வெளியே போகவும் விடலை அந்தத் தார்ப்பாய். நாலு ரிம், முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம், பம்பர் பிராக்கெட் எல்லாம் துரு. கையால தேய்ச்சா பிஸ்கட் மாதிரி உதிருது.

நம்ம ஊர் டிங்கரிங் கடையில இதுக்கு ஒரு ரெடிமேட் வைத்தியம் இருக்கு. கிரைண்டர்ல வயர் பிரஷ்ஷை மாட்டி ஒரு ஓட்டு ஓட்டுவாங்க. பள்ளமா இருந்தா பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடுவாங்க. டெலிவரி எடுக்கிற அன்னிக்குப் பார்த்தா ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும். ரெண்டு மழைக்காலம் தாண்டட்டும், பெயின்ட்டுக்கு அடியில கொப்புளம் வரும்.

ஏன்னா, துரு மேலாக மட்டும் உட்கார்ந்திருக்கிறது இல்லை. இரும்பைச் சின்னச் சின்னக் குழியா அரிச்சு, அந்தக் குழிக்குள்ள போய் உட்கார்ந்திருக்கும். வயர் பிரஷ் குழிக்குள்ள போகாது. மேலாக ஓடி, துருவையே பாலிஷ் போட்டு விட்டுடும். பளபளன்னு தெரியறதைப் பார்த்து இரும்புன்னு நினைச்சுப்போம். உள்ளே ஈரமும் உப்பும் அப்படியே இருக்கும். இரும்பு துருவா மாறும்போது முன்னைவிட அதிக இடம் பிடிக்கும். அதுக்கு இடம் வேணும்ல? மேல இருக்கிற பெயின்ட்டைத் தூக்கிடும்.

அந்தக் குழிக்குள்ள போகக்கூடியது பிளாஸ்டிங். விஷயம் ரொம்ப சிம்பிள். கம்ப்ரஸர்ல இருந்து வர்ற காத்துல பொடிப்பொடியா கடினமான துகளைக் கலந்து, ஒரு சின்ன நாஸில் வழியா வேகமா அடிக்கிறது. 1870-லயே அமெரிக்காவுல பெஞ்சமின் டில்க்மேன்னு ஒருத்தர் இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். துகள் போய் இடிக்கிற இடத்துல துரு, பழைய பெயின்ட், கிரீஸ் கறை எல்லாம் உடைஞ்சு பறந்துடும். கடைசியில சாம்பல் கலர்ல, பளபளப்பே இல்லாத இரும்பு கிடைக்கும். அந்தப் பளபளப்பு இல்லாததுதான் நமக்கு வேணும். தொட்டா லேசா சொரசொரன்னு இருக்கும். அந்த மேடுபள்ளம் 25-லிருந்து 50 மைக்ரான் இருந்தா, அதாவது ஒரு தலைமுடியோட தடிமன்ல பாதி அளவு இருந்தா, பிரைமர் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்.

வீட்டுலயே பண்ணலாமான்னு கேட்டவங்களுக்கு: முயற்சி பண்ணேன், தோத்துட்டேன். ஆன்லைன்ல துப்பாக்கி மாதிரி ஒரு பிளாஸ்டிங் கன் விக்கிறாங்க, விலை குறைவுதான். பிரச்சினை கம்ப்ரஸர். அரைக்கால் அங்குல நாஸிலுக்கே, 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல, கிட்டத்தட்ட 20 சி.எஃப்.எம். காத்து வேணும். பஞ்சர் கடையில இருக்கிற சின்ன கம்ப்ரஸர் அதுல பாதி கூடத் தராது. பத்து செகண்ட் அடிச்சேன், ரெண்டு நிமிஷம் டேங்க் நிரம்பட்டும்னு உட்கார்ந்தேன். ஒரு மதியம் முழுக்கப் பண்ணதுல ஒரு பிராக்கெட், அதுவும் பாதி. கூடவே நாஸில்ல இருந்து தண்ணி வேற துப்புது. நம்ம ஊர் காத்துல ஈரம் அவ்வளவு இருக்கு. ஈரம் பிரிக்கிற ஃபில்டர் மாட்டலைன்னா துருவை எடுக்கப் போய், கையோட புதுத் துருவுக்கு விதை போட்டுட்டு வருவோம்.

என் நண்பன் ஒருத்தன் இன்னும் தைரியசாலி. பெரிய கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்து, 100 பி.எஸ்.ஐ. வெச்சு, அவனோட பழைய வண்டி பானெட்டை நேருக்கு நேரா அடிச்சான். பானெட் வறுத்த அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. சூட்டுல வளைஞ்சிடுச்சுன்னு இன்னமும் சொல்லிட்டிருக்கான். கடைகள்லயும் அப்படித்தான் சொல்வாங்க. தொட்டுப் பார்த்தா தகடு அவ்வளவு ஒண்ணும் சூடா இருக்காது. நடக்கிறதே வேற. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிச் சுத்தியல். லட்சக்கணக்கான சுத்தியல் ஒரு பக்கத்தை மட்டும் அடிக்கும்போது, அந்தப் பக்கத்துத் தோல் மட்டும் விரியப் பார்க்கும். பின்பக்கம் அப்படியே இருக்கும். ஒரு போஸ்ட்கார்டுல ஒரு பக்கம் மட்டும் தண்ணி தடவிப் பாருங்க, வளையும்ல? அதேதான். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தகடுக்கு அதைத் தாங்குற பலம் கிடையாது. வளைஞ்சதுக்கு அப்புறம் நேராக்கணும்னா நல்ல டிங்கர் ஒருத்தர் ஒரு வாரம் தட்டணும்.

அதனால ரிம், ஆர்ம், பிராக்கெட், சேஸிஸ் மாதிரி தடிமனான பொருளுக்குத் தைரியமாக் கொடுங்க. கதவு, பானெட், ரூஃப் மாதிரி தகடுக்கு அழுத்தத்தை 30, 40-க்குக் குறைச்சு, சாய்வா, ஒரே இடத்துல நிக்காம, மெல்லிசான துகள் வெச்சு அடிக்கத் தெரிஞ்சவர்கிட்ட மட்டும் கொடுங்க. இல்லைன்னா பெயின்ட் ரிமூவர் போட்டு உரிச்சிடுறது மேல். எஞ்சினுக்குள்ள ஆயில் ஓடுற எந்த பாகத்தையும் கொடுக்காதீங்க. டேப்பட் கவர் மாதிரி உள்ளே மடிப்பு இருக்கிற பாகத்துல ஒரு துகள் ஒளிஞ்சிருந்தா போதும், அது ஆயில்ல கலந்து பேரிங்கைத் தின்னுடும்.

சரி. ரிம் நாலையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு, விசாரிச்சு ஒரு தொழிற்பேட்டைப் பக்கம் போனேன். எந்த இடம்னு சொல்லலை, ஏன்னா நான் பார்த்தது அந்த ஒரு இடத்தோட கதை மட்டும் இல்லை.

தகரக் கூரை போட்ட ஷெட், மூணு பக்கம் திறந்திருக்கு. தூரத்துல இருந்து பார்க்கும்போது மாவு மில்லுன்னு நினைச்சேன். அவ்வளவு வெள்ளை. தரை, கூரை, பக்கத்துல நின்ன வேப்பமரம் எல்லாம் வெள்ளை. நடுவுல ஒருத்தர் ஹோஸைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு ஒரு கேட்டை அடிச்சிட்டிருந்தார். தலையில தொப்பி, கண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி, மூக்கையும் வாயையும் சுத்தி ஈரத்துண்டு. அவ்வளவுதான்.

மோட்டார் நின்னதும் அவரே வந்தார். ரிம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "நல்லா வந்துடும் தம்பி. சாயந்தரம் எடுத்துக்கலாம்"னார். நாலுக்கும் சேர்த்து 1,200 ரூபாய். நான் சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: "எதை வெச்சுண்ணே அடிக்கிறீங்க?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாண்ட் பிளாஸ்டிங்னா மணல்தான் தம்பி. சலிச்சு, காய வெச்ச மணல்." மூலையில குவிச்சு வெச்சிருந்ததைக் காட்டினார். காட்டும்போதே இருமல் வந்துடுச்சு. கொஞ்ச நேரம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேசணும்.

நாம கட்டடத்துக்குப் போடுற சாதாரண மணல்ல பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிக வடிவ சிலிக்கா. கையில அள்ளினா ஒண்ணும் ஆகாது. பீச்சுல உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா அதே மணலை இரும்பு மேல அந்த வேகத்துல அடிச்சா, ஒவ்வொரு துகளும் நொறுங்கிப் பல நூறு துண்டாகும். அதுல கண்ணுக்குத் தெரியற தூசி மூக்கு, தொண்டையிலேயே நின்னுடும். தெரியாத தூசிதான் நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போகும். ஈரத்துண்டு பிடிச்சு நிறுத்துறது அந்தத் தெரியற தூசியை மட்டும்தான். சாயந்தரம் துண்டைப் பிழிஞ்சா சேறா வரும், "பாரு, எவ்வளவு தடுத்திருக்கு"ன்னு தோணும். தப்பிச்சுப் போனது கணக்குலயே வராது.

உள்ளே போன துகளை நுரையீரல்ல இருக்கிற காவல் செல்கள் விழுங்கப் பார்க்கும். சிலிக்காவை ஜீரணிக்க முடியாம அந்த செல் செத்துடும், துகள் மறுபடியும் வெளியே வரும், அடுத்த செல் வந்து விழுங்கும். இந்தச் சண்டை நடக்கிற ஒவ்வொரு இடத்துலயும் தழும்பு விழும். தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. இதுக்குப் பேர் சிலிகோசிஸ். விழுந்த தழும்பை எடுக்க மருந்து கிடையாது. கல் குவாரி மாதிரி இடத்துல தெரிய வர்றதுக்குப் பத்து, இருபது வருஷம் கூட ஆகலாம். பிளாஸ்டிங் பண்றவங்களுக்கு, தூசி ரொம்ப அதிகமா இருந்தா, சில வருஷத்துலயே வரலாம். கூடவே டி.பி. வர்ற வாய்ப்பும் அதிகமாகும்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. பிரிட்டன்ல வார்ப்புகளைச் சுத்தம் பண்ண மணலை வெச்சு பிளாஸ்டிங் பண்றதை 1949-லயே சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. அமெரிக்காவுல நியோஷ் அமைப்பு 1974-ல இதைத் தடை பண்ணச் சொல்லிப் பரிந்துரை பண்ணுச்சு. 2025 வரைக்கும் அமல்ல இருந்த நம்ம 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே, டாக்டர் பார்த்தா அரசுக்குத் தெரியப்படுத்தியே ஆகணும்ங்கிற நோய்ப் பட்டியல்ல சிலிகோசிஸ் இருந்தது. ஆனா அந்தச் சட்டத்துல 'தொழிற்சாலை'ன்னா மின்சாரம் பயன்படுத்துற இடத்துல குறைஞ்சது பத்துப் பேர் வேலை பார்க்கணும்னு இருந்தது. நான் பார்த்த ஷெட்டுல மூணு பேர்.

நாம போடுற ஜீன்ஸுக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. தொடையில வெளுத்த மாதிரி ஒரு லுக் ஃபேஷனா இருந்தது இல்லையா? துருக்கியில சின்னச் சின்ன பட்டறைகள்ல அந்த லுக்குக்காக டெனிம் மேல மணலை அடிச்சாங்க. ஜன்னலை மூடின அறை, பெரும்பாலும் சின்ன வயசுப் பசங்க. 2000-களோட நடுவுல அந்தப் பசங்க மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சாங்க. 2009-ல துருக்கி அரசு டெனிம்ல மணல் அடிக்கிறதையே தடை பண்ணிடுச்சு. துணிக்கே அந்த கதின்னா, நாள் முழுக்க இரும்பு மேல அடிக்கிறவர் நிலைமையை யோசிச்சுக்கோங்க.

ஷெட்டுக்குத் திரும்பி வர்றேன். அண்ணனும் நானும் பக்கத்து டீக்கடைக்குப் போனோம். அவருக்கு 42 வயசு. நான் 55 இருக்கும்னு நினைச்சிருந்தேன். பதினொரு வருஷமா இந்த வேலை. போன வருஷம் மூச்சு வாங்குதுன்னு எக்ஸ்ரே எடுத்து, டி.பி.ன்னு மாத்திரை கொடுத்திருக்காங்க. ஆறு மாசம் விடாம சாப்பிட்டிருக்கார். "சளி நின்னுச்சு தம்பி, மூச்சுதான் நிக்கலை. மாடி ஏற முடியல."

"டாக்டர் என்ன வேலை பார்க்கிறீங்கன்னு கேட்டாராண்ணே?"

"கேட்டாரு. பெயின்ட் கடைன்னு சொன்னேன்." அவர் பொய் சொல்லலை. பில் புக்குல பெயின்ட் கடைன்னுதான் போட்டிருக்கு.

நான் டாக்டர் இல்லை. அவருக்கு என்னன்னு சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஒரு பேப்பர்ல "சிலிகோசிஸ்"னு எழுதி, கீழே "11 வருஷம், மணல் பிளாஸ்டிங்"னு எழுதிக் கொடுத்தேன். அடுத்த தடவை போகும்போது இதை அப்படியே காட்டுங்க, பழைய எக்ஸ்ரேவையும் எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். மடிச்சு செல்போன் கவருக்குள்ள வெச்சுக்கிட்டார்.

அப்புறம் ஓனர்கிட்ட பேசினேன். வில்லன் மாதிரி ஒருத்தரை எதிர்பார்த்துப் போனேன்னு ஒத்துக்கிறேன். அப்படி இல்லை. அவருக்கு கார்னெட் பத்தி எல்லாம் தெரியுது. கார்னெட்ங்கிறது சிவப்பு நிற மணல் மாதிரியே இருக்கிற கனிமம். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி கடற்கரையில செந்நிறமாப் படிஞ்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதுல நல்ல தரமா இருந்தா தனி சிலிக்கா பொதுவா ஒரு சதவீதம் கூட இருக்காது. சாதாரண மணலைவிடக் கனம், அவ்வளவு சீக்கிரம் நொறுங்காது, தூசி குறைவு. உலகம் முழுக்க பிளாஸ்டிங்குக்கு அதைத்தான் தேடி வாங்குறாங்க. (நம்ம கடற்கரையில அதை அள்ளின விதம் பெரிய சர்ச்சையாகி, 2013-ல தமிழ்நாடு அரசு தடை போட்டது தனிக் கதை. அதுக்கு ஒரு எபிசோடு போடணும்.)

ஓனர் சொன்ன கணக்கு இது. மணலை ஒரு தடவை அடிச்சுட்டு விட்டுடலாம். கார்னெட் விலை பல மடங்கு. மூணு நாலு தடவை திரும்பப் பயன்படுத்தினாதான் கட்டுப்படியாகும். அதுக்கு மூடின அறை வேணும், கீழே விழுறதைச் சேகரிச்சுச் சலிக்க மெஷின் வேணும், தூசி இழுக்கிற ஃபேன் வேணும். "எனக்கு வர்றது கேட், கிரில், உங்களை மாதிரி ரெண்டு ரிம். எல்லாரும் முதல்ல கேட்கிறது ரேட்டுதான். இதுவரைக்கும் எதை வெச்சு அடிக்கிறேன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்"னார். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. நானும் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

ரிம்மைத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன். அது சரியான்னு இன்னும் குழப்பம் இருக்கு. அன்னிக்கு அந்த ஷெட்டுக்கு 1,200 ரூபாய் வேலை குறைஞ்சதுதான் மிச்சம். அண்ணனுக்கு அன்னிக்கு அடிக்க வேற கேட் இருந்துது.

கடைசியில பவுடர் கோட்டிங் பண்ற இன்னொரு இடத்துல கொடுத்தேன். அங்கே பெரிய பொருளுக்கு மூடின அறை, கார்னெட். உள்ளே போறவருக்கு வெளியில இருந்து குழாய் வழியா சுத்தமான காத்து வர்ற ஹெல்மெட். நம்ம என்95 மாஸ்க் எல்லாம் இந்த வேலைக்குப் போதாது. சின்ன பாகத்துக்குக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு கேபினெட். கையுறை பெட்டியிலயே பொருத்தியிருக்கு, கையை மட்டும் உள்ளே விட்டு அடிக்கலாம். தூசி பெட்டிக்கு வெளியே வராது. நாலு ரிம்முக்கு 2,200 ரூபாய் ஆச்சு. அதிகம் 1,000. வண்டிக்கு நான் வாங்கின ஸ்டீரியோ அதைவிட விலை.

எவ்வளவு சுத்தம் வேணும்னு கேட்டாங்க. "எஸ்.ஏ. இரண்டரை"ன்னு சொல்லுங்க, தெரிஞ்ச இடமா இருந்தா உடனே புரிஞ்சுக்குவாங்க. ஸ்வீடன்ல உருவான அளவு, துருவோட லேசான நிழல் மட்டும் அங்கங்கே இருக்கலாம்னு அர்த்தம். அதுக்கும் மேல மூணு இருக்கு, கார் ரிம்முக்கு அது வீண் செலவு.

ஒரு தப்பு பண்ணேன், நீங்க பண்ணாதீங்க. பிளாஸ்டிங் முடிஞ்ச இரும்பு அம்மணமா நிக்கிற மாதிரி. சென்னை ஈரத்துல சில மணி நேரத்துலயே ஆரஞ்சு பூக்க ஆரம்பிச்சிடும். முதல் ரெண்டு ரிம்மை அங்கேயே எபாக்ஸி பிரைமர் அடிக்கச் சொல்லிட்டேன். மத்த ரெண்டை வீட்டுல நானே அடிக்கிறேன்னு வீராப்பா தூக்கிட்டு வந்தேன், வெறுங்கையால. மறுநாள் வேலை வந்துடுச்சு, அதுக்கு மறுநாள் பார்த்தா ஒரு ரிம்மோட விளிம்புல என் அஞ்சு விரல் ரேகையும் துருவா அச்சு அடிச்ச மாதிரி நிக்குது. வியர்வையில இருக்கிற உப்பு. அதை மட்டும் மறுபடியும் கொண்டு போய் அடிக்க வேண்டியதாச்சு. கையுறை போட்டுத் தூக்குங்க. முடிஞ்சா அடிச்ச நாலு மணி நேரத்துக்குள்ள பிரைமர் போட்டுடுங்க. மழை நாள்ல வேண்டவே வேண்டாம்.

போன வாரம் அந்த அண்ணனுக்கு போன் பண்ணேன். தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார், பேப்பரைக் காட்டியிருக்கார். இந்தத் தடவை டாக்டர் வேலையைப் பத்தி மட்டும் கால் மணி நேரம் கேட்டாராம். ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்காங்க, ரிசல்ட் இன்னும் வரலை. வேலைக்குப் போறீங்களான்னு கேட்டேன். "இப்ப ஹோஸ் பிடிக்கிறதில்லை தம்பி, பெயின்ட் பக்கம் மாத்திட்டாரு. ஹோஸ் இப்ப புதுசா வந்த பையன் பிடிக்கிறான்"னார். பையனுக்கு எத்தனை வயசுன்னு கேட்டேன். 19.

இந்த ஞாயித்துக்கிழமை திரும்ப அங்கே போறேன். ஓனர் சின்ன பாகத்துக்கு மட்டும் ஒரு கேபினெட் போட்டா எவ்வளவு ஆகும்னு விலை விசாரிச்சு வைக்கச் சொல்லியிருந்தார், அந்த கொட்டேஷன் ரெண்டு கையில இருக்கு. பத்மினி ரிம் இப்ப வெள்ளை பெயின்ட்ல காயுது. அடுத்த எபிசோடுல பிரேக்.